கடல் மட்டமும் காஞ்சிபுரத்துக் கிணறும்

ரயில் நிலையங்களில் ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகையின் அடியில் சிறிய எழுத்தில் ஓர் எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் உள்ளது என்பதை அது தெரிவிக்கிறது. காஞ்சிபுரம் நகரம் ஏறத்தாழ 83 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோ கிழக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறது. ஆகவே "கடல் மட்டம் உயர்ந்து வருகிறது" என்ற செய்தியைப் படிக்கும் வாலாஜாபாத்து விவசாயியோ உத்திரமேரூர் விவசாயியோ, அது மீனவர்களின் கவலை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவது இயற்கையே.

கடல் காஞ்சிபுரத்தை மூழ்கடிக்கப் போவதில்லை. அந்த மட்டில் அவர் நினைப்பது சரிதான். ஆயினும் கடல் மட்டத்தை அளப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட விஞ்ஞானிகள் கண்டறிந்தவற்றுள் சில, பாலாற்றுப் படுகையில் நெல் பயிரிடும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை. அவற்றை இங்கு பார்ப்போம்.

கடலுக்கு மட்டம் ஏது?

கோயில் குளத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, நனையாத படிகளை எண்ணினால் போதும். சர்வதீர்த்தக் குளத்தில் நேற்றைக்கும் இன்றைக்கும் படிக்கணக்கு மாறாது. கடலில் அவ்வாறு எண்ண முடியாது. நொடிக்கு நொடி அலை அடிக்கிறது. நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. சென்னையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுக்கு உண்டு. அமாவாசை, பௌர்ணமியையொட்டி அது கூடும். இத்தனை ஆட்டத்துக்கும் நடுவே ஆண்டுக்கு ஒரு நெல்மணி அகலம் கடல் உயர்ந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பது எப்படி?

முறை மிக எளிது, பொறுமைதான் வேண்டும். துறைமுகச் சுவரையொட்டி ஒரு குழாயைச் செங்குத்தாக இறக்குகிறார்கள். அதன் அடியில் சிறு துவாரம் ஒன்று மட்டும் இருக்கும். வெளியே அலை எவ்வளவு அடித்தாலும், சிறு துவாரத்தின் வழியே நீர் மெதுவாகத்தான் நுழையும். ஆதலால் குழாய்க்குள் நீர் கிணற்று நீர்போல் அலையின்றி நிற்கும். அதன்மேல் ஒரு மிதவை. மிதவை ஏறி இறங்குவதைக் கம்பி மூலம் ஒரு எழுதுகோல் சுழலும் தாளில் வரைந்துகொண்டே இருக்கும். இன்று பல இடங்களில் மிதவைக்குப் பதில் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. மணிக்கு மணி கிடைக்கும் அளவுகளைக் கூட்டிச் சராசரி கண்டால் நாளின் மட்டம், பின் மாதத்தின் மட்டம், ஆண்டின் மட்டம் என்று வரும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, எஞ்சி நிற்பதே சராசரிக் கடல் மட்டம். ரயில் நிலையப் பலகையில் நீங்கள் படிக்கும் உயரங்களுக்கு அடிப்படையும் இதுவே. இந்தியா முழுவதற்கும் உயரக் கணக்கு போட்டபோது ஒன்பது துறைமுகங்களின் அளவுகளைப் பயன்படுத்தினர். சென்னையும் நாகப்பட்டினமும் அந்த ஒன்பதில் அடங்கும்.

மும்பை அப்போலோ பந்தரில் 1878 முதல் இத்தகைய அளவு இருக்கிறது. சென்னையில் 1916 முதலும், கொச்சியில் 1939 முதலும் உள்ளன. இவற்றைத் தொடங்கியவர்கள் கப்பல் போக்குவரத்துக்காகவும் நில அளவைக்காகவும் தொடங்கினார்கள். புவி வெப்பமடைவதைப் பற்றி அவர்களில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். தாலுகா அலுவலகத்து மழைமானியைக் காலை எட்டரை மணிக்குத் தவறாமல் பார்த்துக் குறித்த ஊழியரின் உழைப்பு எப்படிப்பட்டதோ, அப்படிப்பட்டதே இதுவும். அவர் குறித்தபோது அது வெறும் எண்தான். அறுபது ஆண்டு எண்கள் சேர்ந்த பிறகு அதற்கு விலை மதிப்பில்லை.

கோவாவிலிருந்து ஒரு கணக்கு

1960களின் முற்பகுதியில் பல நாடுகள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தன. அதையடுத்து 1966 ஜனவரி 1 அன்று நம் நாட்டில் தேசியக் கடலியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் கோவாவில் டோனா பாலாவில் உள்ளது. கடலியல் என்றதும் மீன் ஆராய்ச்சி என்று எண்ண வேண்டாம். கடல்நீரின் வெப்பம், உப்பு, ஓட்டம், உயரம் ஆகியவற்றை ஆராயும் இயற்பியல் பிரிவும் அதில் உண்டு. அப்பிரிவில் பணியாற்றியவர்களுள் ஒருவர் ஏ. எஸ். உன்னிகிருஷ்ணன். கடல் ஏற்ற இறக்கம், புயலின்போது கரையில் எழும் நீர்மட்டம், நீண்டகாலக் கடல் மட்ட மாற்றம் என்று அவருடைய ஆய்வுகள் யாவும் கடலின் உயரத்தைச் சுற்றியே அமைந்தன.

அவரும் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டி. சங்கரும் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வட இந்தியப் பெருங்கடலின் கரைகளில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து அளவு உள்ள துறைமுகங்களை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் வரை கடல் உயர்ந்திருப்பது தெரிந்தது. சராசரி 1.29 மில்லிமீட்டர். நூறு ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஐந்து அங்குலம். உலகின் பிற கடல்களில் கண்ட அளவோடு இது ஒத்துப்போயிற்று.

நாற்பது ஆண்டு என்று ஏன் வரம்பு கட்டினார்கள்? பத்து ஆண்டு அளவை வைத்துக்கொண்டு கடல் ஏறுகிறது, இறங்குகிறது என்று எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். நல்ல மழை பெய்த ஐந்து ஆண்டுகளை மட்டும் பார்த்து ஏரி எப்போதும் நிரம்பும் என்று சொல்வது போன்றது அது.

துறைமுகத்துக்குத் துறைமுகம் கணக்கு மாறுவதும் உண்டு. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்த புள்ளிகளின்படி, வங்காளத்தில் ஹூக்ளி ஆற்று முகத்திலுள்ள டைமண்ட் ஹார்பரில் 1948 முதல் 2005 வரை ஆண்டுக்கு 5.16 மில்லிமீட்டர் உயர்வு காணப்பட்டது. சென்னையில் 1916 முதல் 2005 வரை 0.33 மில்லிமீட்டர் மட்டுமே. வங்காளக் கரையில் மட்டும் கடல் தனியாகப் பொங்கிவிட்டதா? இல்லை. அங்கே வண்டல் நிலம் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. கருவி நிற்கும் தரையே இறங்கினால் கடல் கூடுதலாக ஏறியதாகத்தான் தாள் காட்டும். சென்னைக் கணக்கிலோ இடையிடையே நீண்ட காலம் அளவே இல்லை. பாவில் இழை அறுந்தால் நெசவாளர் முடிந்து சேர்த்துவிடுவார். அறுந்துபோன அளவை விஞ்ஞானி கற்பனையால் முடிந்துவிட முடியாது. ஆகவே சென்னை எண்ணைப் பார்த்து நமக்கு ஆபத்தில்லை என்று நிம்மதி அடைவது சரியல்ல என்பது என் கருத்து.

1993 முதல் செயற்கைக்கோள்கள் வானிலிருந்தே கடலின் உயரத்தை அளந்து வருகின்றன. அவற்றுள் 'சரள்' என்பது இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கியது. 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 1993 முதல் 2017 வரை வட இந்தியப் பெருங்கடல் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்ந்துள்ளதாக மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அதாவது முன்னைய வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மேலே ஒரு நெல்மணி அகலம் என்றது இதைத்தான். பருவநிலை மாற்றத்தை மதிப்பிடும் பன்னாட்டுக் குழு 2013இல் வெளியிட்ட அறிக்கையில் கடல் மட்டத்துக்கென்று தனி அத்தியாயம் உண்டு. அதை எழுதிய முதன்மை ஆசிரியர்களுள் உன்னிகிருஷ்ணனும் ஒருவர்.

கடல் ஏறுவதற்கு நம் பங்கும் உண்டு

சூடானால் நீர் விரியும். ஒரு குடம் தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாது. (பால் பொங்குவதை இங்கு நினைக்க வேண்டாம், அது நுரையின் வேலை.) கிலோமீட்டர் கணக்கில் ஆழமுள்ள கடலில், மேற்பகுதி நீர் சிறிதே சூடேறினாலும் மட்டம் உயரும். 1971 முதல் 2018 வரை உலகக் கடல் உயர்ந்ததில் சரிபாதி இந்த விரிவினால் வந்தது. பெரும்பகுதி மீதம், மலைகளிலும் துருவங்களிலும் பனி உருகியதால் வந்தது. எஞ்சிய 8 சதவிகிதம் நிலத்திலிருந்த நீர் கடலுக்குப் போனதால் வந்தது. இந்த எட்டுக்குள் நம் ஆழ்துளைக் கிணறுகள் இருக்கின்றன. பூமிக்கடியிலிருந்து இறைத்த நீர் ஆவியாகி, மழையாகி, ஆறாகி, முடிவில் கடலைச் சேர்கிறது. இறைத்த அளவுக்கு மழைநீர் உள்ளே இறங்காவிட்டால் நிலத்துக்கு நட்டம், கடலுக்கு வரவு.

ஐப்பசி, கார்த்திகைக் கடல்

நமக்கு மிக நெருக்கமான செய்திக்கு இப்போது வருவோம். கடல் மட்டம் ஆண்டு முழுவதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நம் கிழக்குக் கரையில் அது ஐப்பசி, கார்த்திகையில்தான் மிக உயரமாக நிற்கிறது. தாழ்ந்த மாதங்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஓர் அடி வித்தியாசம்.

இதற்குக் காரணம் இரண்டு. வாடைக்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடுகிறது. பூமி சுழல்வதால், நம் பாதி உருண்டையில் ஓடும் கடல்நீர் தன் வலப்பக்கம் ஒதுங்கும். தெற்கு நோக்கி ஓடும் நீருக்கு வலப்பக்கம் நமது கரை. ஆகவே நீர் கரையோரம் குவிந்து நிற்கிறது. இரண்டாவது காரணம் மழை. தென்மேற்குப் பருவத்தில் கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் நன்னீரை வங்கக் கடலில் கொட்டுகின்றன. உப்புக் குறைந்த நீர் இலேசானது. தராசில் பஞ்சும் கல்லும் ஒரே எடை நின்றால் பஞ்சு உயர்ந்து நிற்பதுபோல, இலேசான நீரும் உயர்ந்து நிற்கும். அரபிக் கடலைவிட வங்கக் கடல் நம் கரையில் சுமார் 30 சென்டிமீட்டர் உயரமாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று 2001இல் சங்கரும், அந்நிறுவனத்தில் பின்னர் இயக்குநராக இருந்த சதீஷ் ஷெட்யேவும் விளக்கினார்கள். அதற்கு முன் 1999இல், மழை மிகுந்த பத்தாண்டுகளில் மும்பைக் கடல் மட்டம் உயர்ந்தும், மழை குறைந்தவற்றில் தாழ்ந்தும் இருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டியிருந்தனர். மழையை அளப்பவரும் கடலை அளப்பவரும் ஒரே கணக்கின் இரு பக்கங்களை எழுதுகிறார்கள் எனலாம்.

ஐப்பசி, கார்த்திகை என்றால் நமக்கு என்ன மாதம் என்று சொல்ல வேண்டியதில்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பெரிய ஏரிகளே 900க்கு மேல். அவை நிரம்பிக் கலங்கல் வழியும் காலம் அது. சம்பா நெல் தூர்விட்டு நிற்கும். ஒரு ஏரியின் உபரி அடுத்த ஏரிக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் போகும். மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி அடையாறாகிறது. திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு கலந்து, வாயலூர் அருகே கடலை அடைகின்றன. ஆண்டில் பத்து மாதம் மணலாகக் கிடக்கும் பாலாறு 2021 நவம்பரில் எப்படிக் கரைபுரண்டு ஓடியது என்பதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆற்று நீர் கடலில் விழ வேண்டிய அதே மாதங்களில் கடல் ஓர் அடி உயர்ந்து நின்றால் நீர் வடிவது தாமதமாகும். புயல் சேர்ந்தால் இன்னும் தாமதம். ஆற்று முகத்தில் மணல்மேடு அடைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். நிரந்தரமாகக் கடல் உயர்வது இந்த ஓர் அடியின் மேல் வைக்கும் கூடுதல் சுமை. 2100ஆம் ஆண்டுக்குள் உலகச் சராசரியாக, வெப்ப வாயுக்களை மிகவும் குறைத்தால் 28 முதல் 55 சென்டிமீட்டரும், மிக அதிகமாக வெளியிட்டால் 63 முதல் 101 சென்டிமீட்டரும் உயரக்கூடும் என்று அதே பன்னாட்டுக் குழு 2021இல் மதிப்பிட்டுள்ளது. எல்லா வெள்ளத்துக்கும் கடல்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வரத்துக் கால்வாயை ஆக்கிரமித்துவிட்டுக் கடலைக் குறை சொல்வது நியாயமாகாது. கடலோரத் தாழ்நிலங்களில் சம்பா பயிரிடுவோர், நீர் பல நாள் தேங்கும் என்பதை எதிர்பார்த்தே இரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கினாலும் இரண்டு வாரம்வரை தாங்கும் இயல்பு சேர்க்கப்பட்ட சி.ஆர். 1009 சப்-1 அத்தகைய நிலங்களுக்கு ஏற்ற நீண்டகால இரகம்.

கிணற்றுக்குள் வரும் கடல்

கடல் கரையைத் தாண்டி வருவதைக் காட்டிலும் மண்ணுக்கடியில் வருவதே விவசாயிக்குப் பெரிய நட்டம். ஏனெனில் அது கண்ணில் படாது.

ஒரு லிட்டர் கடல்நீர் ஒரு லிட்டர் நன்னீரைவிட சுமார் 25 கிராம் கூடுதல் எடையுள்ளது. ஆதலால் கடலோர மணற்பாங்கில் நன்னீர் மேலும் கடல்நீர் கீழுமாக நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் பாரம் கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பது அடி ஆழம்வரை கடல்நீரை அழுத்தி வைக்கும். இது நூறாண்டுக்கு முன்பே ஐரோப்பியப் பொறியாளர்கள் கண்ட கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். கிணற்று மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு நீர் நாற்பது அடி ஏற இடம் கிடைக்கும். களிமண் அடுக்கும் பாறையும் குறுக்கிடும் இடங்களில் கணக்கு இப்படியே வராது. ஆனால் போகும் திசை இதுதான்.

கடலின் கணக்கையும் கிணற்றின் கணக்கையும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கடல் பத்தாண்டில் மூன்று சென்டிமீட்டர் ஏறுகிறது. நம் கிணறுகள் ஒரே கோடையில் மீட்டர் கணக்கில் இறங்குகின்றன. உப்பு உள்ளே வருவதை முடிவுசெய்வது இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசமே. இன்றைய நிலையில் குற்றத்தில் பெரும்பங்கு மோட்டாருக்குத்தான். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் இதற்குச் சாட்சி. 1960களின் பிற்பகுதியிலேயே அங்கு கடல்நீர் உட்புகுந்தது தெரிந்துவிட்டது. இறைப்பது தொடர்ந்ததால், பின்னர் அது கரையிலிருந்து பத்து கிலோமீட்டரையும் தாண்டி உள்ளே வந்தது. இத்தனைக்கும் அந்தக் காலத்தில் கடல் ஏறியது சில அங்குலமே.

காஞ்சிபுரத்துக் கிணறு உப்பானால் அதற்குக் கடல் காரணமல்ல. மண்ணின் தன்மையோ கழிவு நீரோதான் காரணமாக இருக்கும். ஆனால் பாலாற்று மணலுக்கடியில் நடக்கும் ஊற்று ஒன்றே. மேலே மணலை வாரினாலும், தேவைக்கு மேல் இறைத்தாலும், கீழே வாயலூர்ப் பக்கம் கடலை எதிர்த்து நிற்க வேண்டிய நன்னீர் அந்த அளவுக்குக் குறையும். அங்கே பாலாற்றின் குறுக்கே கட்டப்பட்டிருக்கும் தடுப்பணை மழைக்கால நீரைத் தேக்கி இந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுசெய்கிறது. காஞ்சிபுரத்து நவரைக்காரரும் சதுரங்கப்பட்டினத்துத் தென்னந்தோப்புக்காரரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கமாட்டார்கள். எனினும் இருவருக்கும் தண்ணீர் பொது.

என்ன செய்யலாம்?

முதலில் அளவு. ஒரு கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டி, மாதந்தோறும் முதல் தேதி காலையில் மோட்டார் போடுமுன் கிணற்று நீர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். உத்திரமேரூர்ச் சபையில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஏரிக்கென்று தனி வாரியம் இருந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. நம் கிணற்றுக்கு ஒரு நோட்டுப் புத்தகமாவது இருக்கட்டும். நவரைக்கு எவ்வளவு பரப்பில் நெல் நடலாம், எவ்வளவில் உளுந்தோ வேர்க்கடலையோ போடலாம் என்பதைத் தை மாத அளவைப் பார்த்தே முடிவு செய்யலாம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் நெல்லுக்கும் கணிசமாக நீர் மிஞ்சும்.

கடலோர வட்டாரங்களில் இருப்போர் ஆண்டுக்கு இருமுறை, மழை முடிந்ததும் கோடை நடுவிலும், பாசன நீரைச் சோதிக்க வேண்டும். நீரின் மின்கடத்தும் திறன் 0.75 டெசிசைமன்ஸுக்குள் இருந்தால் கவலையில்லை. 2.25ஐத் தாண்டினால் அந்த நீரை நெல்லுக்குத் தொடர்ந்து பாய்ச்சுவது மண்ணைக் கெடுக்கும். மண்ணில் இந்த அளவு 4ஐ மிஞ்சினால் அது உவர் நிலம்.

உவர் வேறு, களர் வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சம் மூட்டை மூட்டையாகப் போடுவது வீண் செலவு. அதற்கு வேண்டியது வடிகால். மழைநீரை வரப்புக் கட்டித் தேக்கி, உப்பைக் கரைத்து, வடிகாலில் வெளியேற்ற வேண்டும். ஜிப்சம் தேவைப்படுவது களருக்கு. கடல்நீர் புகுந்த நிலத்தில் இரண்டும் கலந்திருக்கலாம், ஆகவே மண் பரிசோதனை இல்லாமல் எதையும் வாங்க வேண்டாம். தக்கைப்பூண்டு உவரைத் தாங்கி வளரும். நடவுக்கு முன் அதை விதைத்து மடக்கி உழுவது நல்லது. நெல் இரகங்களில் கோ 43, திருச்சி 1, திருச்சி 3 ஆகியவை உப்பைத் தாங்கக்கூடியவை. நாற்று கொஞ்சம் முதிர்ந்ததாக இருக்கட்டும். குத்துக்கு ஓரிரு நாற்று கூடுதலாக வைத்து நடுங்கள்.

சோதனைக்கு நீர் எடுக்கும்போது மோட்டார் போட்டவுடன் வரும் நீரைப் பிடிக்காதீர்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலை இரண்டு மூன்று முறை கழுவி, விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். அரை லிட்டர் போதும். பெயர், கிராமம், சர்வே எண், கிணற்றின் ஆழம், எடுத்த தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டி, மறுநாளைக்குள் மண் பரிசோதனை நிலையத்திலோ காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ சேர்த்துவிடுங்கள். முடிவு வந்ததும் அந்த எண்ணையும் அதே நோட்டில், அந்த மாதத்துக் கயிற்றளவுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.